இரண்டாவது வரி

இரண்டாவது வரியில் அவள் பேனா நின்றது.

உறுதிமொழிப் படிவத்தின் முதல் வரியில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. ‘இத்தேர்வில் நான் யாரையும் பார்த்து எழுதவில்லை.’ அது உண்மை.

இரண்டாவது வரி: ‘வேறு யாரும் பார்த்து எழுதியதை நான் காணவில்லை.’

தேர்வறையில் கண்காணிப்பாளர் இல்லை. கேமராவும் இல்லை. ஹானர்ஸ் கல்லூரியின் பெருமையே அதுதான். பல்கலைக்கழகம் முழுவதிலும் சலித்தெடுத்த இருபத்திரண்டு பேர். வினாத்தாளைக் கொடுத்து, “உங்கள நாங்க நம்புறோம்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார்கள். வாசல் பலகையில் கல்லூரியின் விழுமியங்கள் வரிசையாக இருக்கின்றன. முதலாவது, நம்பிக்கை.

அந்த அறையில்தான் அவள் எல்லோரையும் சந்தேகப்படக் கற்றுக்கொண்டாள்.

யாராவது இருமினால், எதற்கு இருமுகிறான் என்று தோன்றும். தண்ணீர் பாட்டிலைத் திறந்தால் கண் அங்கே போகும். தன்னையும் அப்படித்தான் பார்க்கிறார்கள் என்பது தெரியும்.

இன்று கடைசி அரைமணி நேரத்தில், முன்வரிசையில் இருந்த ஜெனிட்டா துப்பட்டாவுக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். மடியில் விரித்தாள். கொஞ்ச நேரம் குனிந்திருந்தாள். திரும்பவும் உள்ளே செருகிக்கொண்டாள்.

ஜெனிட்டா அவளுடைய அறைத்தோழி. மூன்று வருடமாக ஒரே அறை, ஒரே கண்ணாடி.

தாளில் பாடம் இருந்திருக்கலாம். ஜெபம் இருந்திருக்கலாம். தேர்வுக்குப் போகுமுன் ஜெனிட்டா ஜெபம் எழுதி வைத்துக்கொள்வதுண்டு.

இரண்டாவது வரியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார்.

“இருபத்தோரு பேர் ரெண்டு வரிக்கும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. நீ மட்டும் போடல. யாரைம்மா பாத்த?”

அவள் மேசைமேல் இருந்த தன் படிவத்தைப் பார்த்தாள்.

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். எழுத்துத் தெரியாதபடி தன் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

“நீதான் பாத்து எழுதினேன்னு ஒருத்தர் எழுதிக் குடுத்திருக்காங்க. நான் இத நம்பல. ஆனா நீ பேரச் சொல்லலேன்னா, எனக்கு வேற வழியில்ல.”

இருபத்தோரு பேரும் எதையும் காணவில்லை என்று கையெழுத்திட்டிருக்கிறார்கள். அப்படியானால் இதை எழுதியது யார்? கேட்க வாயெடுத்தாள். அவருக்கும் அது தெரியாமலா இருக்கும்?

அந்தத் தாளில் எழுத்து இருக்கிறதா என்றே சந்தேகம் வந்தது.

தன்னுடைய படிவத்தைக் கேட்டு வாங்கினாள். இரண்டாவது வரிக்குக் கீழே எழுதினாள். ‘மடித்த தாள் ஒன்றைக் கண்டேன். அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.’

அவர் படித்தார். “யார் கையில?”

“தெரியாத ஒண்ணுக்கு எப்படி சார் பேர் சொல்றது?”

திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில், ஹானர்ஸ் பட்டியலில் இருபத்தோரு பெயர்கள் இருந்தன. அவள் இனி, ஹானர்ஸுக்கு வருமுன் இருந்த பழைய இயற்பியல் வகுப்புக்குப் போக வேண்டும். சாயங்காலத்துக்குள் ஹானர்ஸ் விடுதி அறையைக் காலி செய்ய வேண்டும்.

இயக்குநர் அறையில் நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குக்கூடச் சொல்லவில்லை. “என்னமோ மார்க் பிரச்சினை” என்று ஜெனிட்டாவிடம் சொல்லியிருந்தாள்.

ஜெனிட்டா ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. புத்தகங்களைக் கட்டிக் கொடுத்தாள். கொடியிலிருந்த துணிகளை எடுத்து வந்தாள். கடைசியாகப் போர்வை மட்டும் மிச்சம். ஆளுக்கொரு பக்கம் பிடித்து உதறினார்கள்.

ஜன்னல் வழியே வெயில் விழுந்து தூசி மிதந்தது.

“எம் பேர ஏன்ட்டி சொல்லாம விட்ட?”

அவள் நிமிர்ந்தாள்.

ஜெனிட்டா போர்வையின் இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற இரு முனைகள் இவள் கையில்.

மடித்து முடிக்க, யாராவது ஒருத்தி இரண்டு எட்டு முன்னால் வர வேண்டும்.