கம்பிக்குப் பயந்த கட்டில்

மாகறல் வயலுக்கு மேலே டவர் லைன் கம்பி உச்சிவெயிலில் வண்டுபோல ரீங்கரிக்கிறது. அந்தக் கம்பியின் காந்தம்தான் தன் முடியைத் தின்றது என்று கன்னியப்பன் ஊரெல்லாம் சொல்லிவருகிறார். அதற்குப் பயந்தே பத்து வருஷமாக மோட்டார் கொட்டகைக்குள் பகல் தூக்கம். ஆராய்ச்சிக்கு வந்திருக்கும் கல்லூரிப் பெண் தேஜஸ்வினி, காந்தம் அளக்கும் மீட்டரைக் கம்பிக்கு நேர் கீழே நீட்டுகிறாள். எண் மூன்றைத் தாண்டவில்லை. "மிஷினு பொய் சொல்லுது பாப்பா" என்கிறார் கன்னியப்பன். அங்கேயே தினமும் களை பிடுங்கும் அவர் மனைவி சம்பூர்ணம், முழங்கால்வரை தொங்கும் பின்னலை அள்ளிச் செருகிக்கொள்கிறாள். கொட்டகையில் மோட்டார் உறுமுகிறது. அதை ஒட்டிக் கயிற்றுக் கட்டில், எண்ணெய்ப் பிசுக்கேறிய தலையணை. மீட்டரை அதன்மேல் வைத்ததும் எண் விறுவிறுவென ஏறி நாற்பதில் நிற்கிறது. "இதனாலதான் முடி கொட்டுச்சுன்னு சொல்ல முடியாதுங்க ஐயா" என்கிறாள் தேஜஸ்வினி. யார் காதில் விழுகிறது? "கம்பி மேல பழி போட்டுக்கினு மோட்டார கட்டிப்புடிச்சிக்கினு தூங்கிகீறான்யா மனுசன்!" சம்பூர்ணத்தின் சிரிப்பு வரப்பு தாண்டிப் போகிறது. கன்னியப்பன் கட்டிலைத் தலைமேல் தூக்கிக்கொண்டு கம்பிக்கடியில் வந்து நிற்கிறார். அங்கே இருக்கும் ஒரே புல்திட்டில், பத்து வருஷமாக நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருக்கும் எருமை அவரை ஏறிட்டுப் பார்க்கிறது, எழுந்திருப்பதாக இல்லை.