மகன் போனிலிருந்து நீல டிக்

படம் முடிஞ்சு வெளிய வந்ததும் தையல்காரம்மா மருமகளைப் பார்த்த பார்வை இருக்கே, பார்வைக்குச் சுடற சக்தி இருந்தா அந்தப் பொண்ணு அங்கேயே சாம்பலாகியிருப்பா.

பின்ன என்னங்க? தியேட்டரே அழுத சீன் அது. செத்துப்போன ஹீரோவோட நம்பருக்குக் காதலி போன் போடறா. அந்தப் பக்கத்துலேர்ந்து "ம்"னு ஒரே ஒரு சத்தம். அவன் குரல்! சுத்தி எங்க பார்த்தாலும் மூக்கு உறிஞ்சற சத்தம். அந்த நேரம் பார்த்து மருமக வெடுக்குனு எழுந்து, நாலு பேர் காலை மிதிச்சுக்கிட்டு வெளிய போனவதான். திரும்பி உள்ள வரவே இல்லை.

கூட வந்த பக்கத்து வீட்டு டீச்சர் வேற ரகம். அவ சிரிச்சா. எதுக்குத்தான் சிரிக்க மாட்டா! தன் கல்யாணத்துல மாப்பிள்ளை தடுக்கி விழுந்ததுக்கு மேடையிலேயே சிரிச்சு, மாமியார் வீட்டுல ஆறு மாசம் பேச்சு வாங்கினவ. அது கிடக்கட்டும்.

"செத்தவன் போனுக்கு யாருங்க சார்ஜ் போடறா?"னு டீச்சர் கேட்டா.

"பேய்க்கு எதுக்கு சார்ஜு, அதுவே கரண்டுதானே"ன்னான் பின்னாடி ஒருத்தன்.

அவங்க மேலயெல்லாம் தையல்காரம்மாவுக்குக் கோவம் வரலை. வந்ததெல்லாம் மருமக மேலதான்.

"ஏன், படம் பிடிக்கலையா மகாராணிக்கு?"

"தலைவலி அத்தை."

"புருஷனைப் பறிகொடுத்தவ நீ. உனக்குத்தான் முதல்ல கண்ணு கலங்கியிருக்கணும்."

"கடைக்கு நேரமாச்சு அத்தை." அவ்வளவுதான். அப்படியே மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிட்டா.

வீட்டுக்கு வந்த தையல்காரம்மா, தலையணை உறை தைக்க லாட்ஜுலேர்ந்து வந்த துணியை ஓரமாத் தள்ளிட்டு போனை எடுத்தா.

மகன் பைக்ல போய் அடிபட்டு மூணு வருஷம். அவன் போன் அந்த இடத்துலயே தொலைஞ்சு போச்சுன்னு மருமகதான் சொன்னா. பெத்த மனசு கேக்குமா? ஒருநாள் பித்துப் பிடிச்ச மாதிரி அவன் நம்பருக்கு வாட்ஸ்அப்ல பேசி அனுப்பினா. சாயங்காலம் எடுத்துப் பார்த்தா, நீல டிக்! புள்ளை கேட்டுட்டான்! அன்னிக்குத்தான் மாசக்கணக்குக்கு அப்புறம் வயிறாரச் சாப்பிட்டா.

அதுலேர்ந்து தினம் ஒண்ணு. பதில் வராது. நீல டிக் மட்டும் தவறாது. வெளிய சொன்னா நின்னுடுமோன்னு பயந்து ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலை.

போன வருஷம் மருமக காய்ச்சல்ல கிடந்த ரெண்டு நாள் மட்டும் டிக் நீலமாகலை. "இவ முனகற முனகல்ல என் புள்ளைகூட எட்டிப் பார்க்க மாட்டேங்கறான்"னு அதுக்கும் அவளைத்தான் கரிச்சுக் கொட்டினா.

சமையல்ல உப்பு கூடினதுலேர்ந்து கதவைச் சத்தமாச் சாத்தினது வரைக்கும், எல்லா வசவும் மகன் காதுக்குத்தான் போகும்.

இன்னிக்கும் மைக்கை அழுத்தினா.

"கண்ணு, அம்மா பேசறேன். உன் பொண்டாட்டி கல்லுடா. ஊரே அழுவுது, இவ எழுந்து போறா. உன்னை என்னிக்கோ மறந்துட்டா. அவ அண்ணன் வீட்டுக்கே அனுப்பிடலாம்னு இருக்கேன். நீ இதைக் கேட்டுட்டா அதையே உன் சம்மதமா எடுத்துக்கறேன். நாளைக்கே பெட்டியைக் கட்டிடறேன்."

மணி ஆறு. டிக் நீலமாகலை. ஆறரை. ஊஹூம்.

நெஞ்சு படபடன்னு அடிச்சுது. பிரஷர் மாத்திரை டப்பாவைத் திறந்தா அதுவும் காலி. போனைக் கையிலேயே பிடிச்சுக்கிட்டு மருந்துக்கடைக்கு நடந்தா.

"பின்னாடி குடோன்ல இருக்காங்கம்மா, டீ நேரம். போங்க, உங்க வீட்டுப் பொண்ணுதானே"ன்னார் கடைக்காரர்.

குடோன் கதவு பாதி திறந்திருந்துச்சு. மருந்துப் பெட்டிகளுக்கு நடுவுல மருமக முதுகைக் காட்டி உக்காந்திருந்தா. பக்கத்துல டீ ஆறிக் கிடந்துச்சு. கையில கண்ணாடி விரிசல் விட்ட ஒரு பழைய போன். மகனோட போன். பின்பக்கம் அவன் ஒட்டின கிரிக்கெட் ஸ்டிக்கர்கூட அப்படியே இருந்துச்சு.

அதுலேர்ந்து ஒரு பொம்பளைக் குரல் வந்துச்சு. யாரையோ கடிச்சுத் துப்பற மாதிரி.

அது தன் குரல்தான்னு தையல்காரம்மாவுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு.

கல்லுன்னது வந்துச்சு. மறந்துட்டான்னது வந்துச்சு. அண்ணன் வீடும் வந்துச்சு. மருமக நிறுத்தலை. 'சம்மதம்'னு வந்தப்ப மட்டும் ஒரு கையால வாயைப் பொத்திக்கிட்டா. கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டு முடிச்சா.

தையல்காரம்மா குனிஞ்சு தன் போனைப் பார்த்தா. நீலம்.

கிட்டத்தட்ட ஆயிரம் நாள். ஒரு வசவு விடாம இவதான் கேட்டிருக்கா. மாமியார் ஒரு வாய் சோறு சாப்பிடணுமேன்னு கேட்டிருக்கா. படத்துல அந்த "ம்" வந்ததும் இவ ஏன் எழுந்து ஓடினாங்கறது இப்பத்தான் உறைச்சுது.

உள்ள போய் அவளைக் கட்டிக்கணும்னு கை பரபரத்துச்சு. எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போறது?

செருப்புச் சத்தம் கேக்காம பின்னாலேயே நகர்ந்து வெளிய வந்தா.

"மாத்திரை வாங்கலையாம்மா?" கடைக்காரர் கேட்டது காதுல விழலை.

தெருவோரம் நின்னு, மகன் நம்பருக்கே மைக்கை அழுத்தினா. உடனே விட்டா. மறுபடி அழுத்தினா. மறுபடியும் விட்டா. மூணாவது தடவைதான் பேசினா.

"அம்மாடி... அத்தை பேசறேன். வேலை முடிஞ்சதும் நேரா நம்ம வீட்டுக்கு வந்துடும்மா."