இருநூறு கிலோ

"கடைசியா இருநூறு கிலோ மிச்சம் இருக்கு. கேக்கறவங்க ரெண்டு பேர். யாருக்குத் தரலாம்?" என்றார் குழுத் தலைவி.

கேட்டால் மண்டிக் கடைப் பேச்சு போலத்தான் இருக்கும். ஆனால் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் வானியலாளர்கள். அவர்கள் எடை போட்டது நேரத்தை. பூமியைச் சுற்றிவரும் எக்ஸ்ரே தொலைநோக்கியில் ஆயிரம் விநாடி என்பது அவர்கள் பேச்சில் ஒரு கிலோ. இருநூறு கிலோ கிடைத்தால் இரண்டு நாளுக்கு மேல் வானத்தில் ஒரே இடத்தை வெறித்துப் பார்க்கலாம். அதற்கு உலகம் முழுக்க அடிதடி. ஆள் பார்த்துக் கொடுத்துவிடக் கூடாது என்பதால் விண்ணப்பத்தில் பெயர் இருக்காது. எழுதியது யாரென்று குழுவில் எவராவது ஊகித்துவிட்டால், எழுந்து வெளியே போய்விட வேண்டும். அதுதான் சட்டம்.

ஜன்னலோரம் இருந்த பேராசிரியர் ஊகித்துவிட்டார். எழுந்திருக்கவில்லை.

இரண்டு விண்ணப்பமும் ஒரே இடத்தைப் பற்றியவை: வெடித்துச் செத்த ஒரு நட்சத்திரத்தின் மிச்சம். சிதறிய வாயு இன்னும் கொதித்துக்கொண்டு கூடு போல விரிந்து கிடக்கிறது. உள்ளே இருந்த கரு எங்கே போனது என்பதுதான் வழக்கு. அது நடுவிலேயே, வாயுவின் வெளிச்சத்தில் மறைந்து கிடக்கிறது என்றது முதல் விண்ணப்பம். இல்லை, வெடித்த வேகத்தில் தெறித்து ஓடிவிட்டது, கூட்டுக்கு வெளியே ஓரமாகத் தெரியும் சின்னப் புள்ளிதான் அது என்றது இரண்டாவது.

ஏழு வருஷத்துக்கு முன் இதே வழக்கில் ஒரு குடும்பம் இரண்டாகியிருந்தது. நடு என்று சாதித்தவர் பேராசிரியரின் தங்கை கணவர்; அதே ஆய்வகம், அடுத்த மேசை. ஓரம் என்று சாதித்தவர் பேராசிரியர். நிறைந்த சபையில் ஒருநாள், "மாப்பிள்ளை, தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தேன், கூடவே கொஞ்சம் மூளையையும் கட்டிக்கொடுத்திருக்கணும்" என்று இவர் சொல்ல, சபை குலுங்கிச் சிரித்தது. மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அடுத்த மாதமே வேறு ஊர், வேறு வேலை. தங்கையின் போன் எண்ணும் மாறிவிட்டது.

அப்புறம்தான் பேராசிரியர் கணக்கைத் திரும்பப் போட்டார். போடப் போட ஓரம் கையை விட்டு நழுவியது. மாப்பிள்ளை சொன்ன நடுதான் சரி என்று பட்டது. அதைப் போய்ச் சொல்லக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. வெறுங்கையோடு எப்படிப் போவது என்று வருஷத்தைத் தள்ளிக்கொண்டே வந்தார். இப்போது அந்த நடு விண்ணப்பமாக எதிரே கிடக்கிறது. மாப்பிள்ளையைத் தவிர வேறு யார் இதை இத்தனை வருஷம் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்?

"எனக்கு ஓரம்தான் பிடிச்சிருக்கு. வாதம் சுத்தமா இருக்கு," என்றார் எதிரே இருந்த வழுக்கைத் தலைக்காரர்.

"சுத்தமா இல்லாம? என் பழைய கட்டுரையை எவனோ அப்படியே உருவியிருக்கான்," என்றார் பேராசிரியர்.

"அது உங்க கட்சிதானே சார்? நீங்களே கவிழ்த்தா எப்படி?"

"அந்தப் புள்ளியோட வருஷக்கணக்கா குடித்தனம் பண்ணினவன் நான். அதுல ஒண்ணுமில்ல. என்னைவிட யார் சொல்ல முடியும்?"

"சண்டை வேண்டாம். ஆளுக்கு நூறு," என்று தலைவி சமரசத்துக்கு வந்தார்.

"ஒரு சட்டைத் துணியை ரெண்டாக் கிழிச்சா ரெண்டு பேருக்கும் சட்டை வராது மேடம்," என்றார் பேராசிரியர்.

"அப்ப ஓரத்துக்கு அடுத்த வருஷம் பாத்துக்கலாமா?"

"அடுத்த வருஷம் ஏது? கருவி மேல அழுக்கு ஏறிக்கிட்டே போகுது. இவ்வளவு மங்கலான வெளிச்சத்தை இந்த வருஷத்துக்கு அப்புறம் அதால பாக்கவே முடியாது," என்றார் வழுக்கைத் தலைக்காரர்.

"அதனாலதான் நானும் சொல்றேன். இருக்கறது கடைசிச் சரக்கு. திரும்ப வராத இடத்துல கொண்டுபோய்க் கொட்டாதீங்க," என்றார் பேராசிரியர்.

பிறகு அவர் தன் பழைய வாதத்தைத் தானே கூறு போட ஆரம்பித்தார். அதில் எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? ஒரு காலத்தில் எதிரிகள் தேடிக் களைத்த ஓட்டைகளையெல்லாம் அவரே விரல் விட்டுக் காட்டினார். தேநீர் ஆறிப்போனது. கடைசியில் வழுக்கைத் தலைக்காரரும் பெருமூச்சு விட்டு நடுவுக்குக் கையைத் தூக்கினார். இருநூறு கிலோவும் நடுவுக்கே.

முடிவுகள் வெளியான அன்று மாலை பேராசிரியரின் போன் அடித்தது. தெரியாத எண்.

"மச்சான், நான்தான்."

பேராசிரியர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். காலையில் இருந்து இந்தக் குரலுக்காகத்தான் போனைக் கையை விட்டு இறக்காமல் இருந்தார்.

"சொல்லுங்க மாப்பிள்ளை. தங்கச்சி எப்படி இருக்கா?"

"பக்கத்துலதான் இருக்கா. போனைப் பிடுங்கப் பாக்கறா. முதல்ல நான் சொல்லிடறேன். தொலைநோக்கி நேரம் கேட்டு எழுதியிருந்தேன் மச்சான். கிடைக்கல."

'நடுவுக்குத்தானே கொடுத்தோம்' என்று நாக்கு நுனி வரை வந்ததைப் பேராசிரியர் விழுங்கினார். "கிடைக்கலையா? நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன். நடுவைக் கேட்ட யாருக்கோ போயிடுச்சு. நான் கேட்டது ஓரப் புள்ளிக்கு. அங்கிருந்து வந்தப்புறம் கணக்கைத் திரும்பப் போட்டுப் பாத்தேன். நீங்க சொன்னதுதான் சரி. அதை நிரூபிச்சுக் கையில எடுத்துக்கிட்டு உங்க வீட்டுக்கு வரலாம்னு ரெண்டு பேரும் இருந்தோம். இனிமே நிரூபிக்க வழியில்ல, அதான் வெறும் வாயால சொல்றேன்."