கொதித்தால் தெளியும்

சோதனைக் குழாய் இன்னும் தெளிவாகத்தான் இருந்தது.

பீக்கரின் நீருக்குள் அதை நிறுத்தியிருந்தாள். பக்கத்தில் வெப்பமானி. அடியில் ஸ்பிரிட் விளக்கு.

விளக்கை அணைக்கும் மூடி அவள் கையில்.

குழாயில் இருப்பது அப்பாவின் சிறுநீர்.

காலையில் சோதனைப் பட்டையை அதில் நனைத்துப் பார்த்தாள். பட்டையின் மஞ்சள் நிறம் மாறவில்லை. புரதம் இல்லை என்று பொருள்.

ஆனால் வீட்டில் அவர் சிறுநீர் போய்விட்டு வந்த பிறகு, ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாலும் நுரை அடங்குவதில்லை.

சுகர் இல்லை. பிபி இல்லை. சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியாட்டினின் மட்டும் மாதாமாதம் ஏறுகிறது. முதுகு வலிக்கிறது. இத்தனை வருடம் பஸ்ஸில் நின்றபடி டிக்கெட் கிழித்த முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்பார்.

கல்லூரிப் புத்தகத்தில் ஒரு பத்தி. தேர்வில் யாரும் கேட்காதது.

எலும்பு மஜ்ஜையில் ஒரு செல் கெட்டுப் புற்றாய்ப் பெருகும். நோயை எதிர்க்கும் புரதத்தைத் துண்டு துண்டாக, அளவில்லாமல் செய்து ரத்தத்தில் விடும். அது சிறுநீரகத்தில் போய் அடைக்கும்.

பட்டைக்கு அது தெரியாது. சூட்டுக்குத் தெரியும்.

மிதமான சூட்டில் கலங்கும். கொதித்தால் தெளியும். ஆறினால் மறுபடி கலங்கும்.

சாதாரணப் புரதம் என்றால், கொதித்தாலும் கலங்கியபடியே இருக்கும்.

ரத்தம் சென்னைக்குப் போயிருக்கிறது. முடிவு வர நாளாகும். அவள் வேலை பார்க்கும் லேப்பின் முதலாளி சாப்பிடப் போயிருந்தார்.

வெப்பமானி அறுபதை நெருங்கியது.

குழாயின் அடியில் ஒரு வெண்மை. அரிசி களைந்த நீர் போல மெல்ல மேலே ஏறியது.

இப்படியே இரு.

கொதித்தாலும் இப்படியே இரு.

கதவு திறந்தது.

அப்பா. காக்கிச் சட்டை, தோளில் கண்டக்டர் பை, கையில் அவளுடைய டிபன் பாக்ஸ். கால் வீங்கி ஷூ நுழையாததால் ரப்பர் செருப்பு.

"என்னா டாக்டரம்மா, சோத்த மறந்துட்டு வந்துட்ட? உங்கம்மா என்னை ஸ்பெஷல் வண்டியா ஓட விட்டுட்டா."

பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். செருப்பின் வார் பதிந்த இடம் பள்ளமாகவே இருந்தது.

பீக்கரைப் பார்த்தார்.

"அது நம்ம சரக்கா?"

தலையசைத்தாள்.

"கஞ்சி காச்சுற மாதிரில்ல இருக்கு."

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. எழுந்து வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"ஏன் பாப்பா, இவ்ளோ கலங்கலாவா இருக்கு?"

அவள் வெப்பமானியைப் பார்த்தாள்.

நீர் கொதிக்கத் தொடங்கியது. குமிழிகள் குழாயை மோதின. குழாய் பீக்கரின் சுவரில் தட்டிக்கொண்டே இருந்தது.

இருவரும் பார்த்தார்கள்.

வெண்மை மெலிந்தது.

புகையளவு ஆனது.

பிறகு இல்லை.

குழாய்க்கு அப்பால் அவருடைய சட்டைப் பொத்தான் தெரிந்தது. அதைத் தைத்திருந்த நூல்கூடத் தெரிந்தது.

"தெளிஞ்சிடுச்சு!"

அவ்வளவு நேரம் அடக்கியிருந்த மூச்சை விட்டார். அவள் தலையில் லேசாக ஒரு தட்டு.

"நான் சொன்னேன்ல? வெறும் ஒடம்புச் சூடு. உங்கம்மாதான் கெடந்து அழுவுறா. போனப் போடு, நானே சொல்றேன்."

அவள் போனை எடுக்கவில்லை. அவரே எடுத்தார்.

"ஏய், ஒண்ணும் இல்லடி. ஒம் பொண்ணு காச்சிப் பாத்துட்டா. பளிங்கு மாதிரி இருக்கு. ஆமாங்கிறேன்... என் கண்ணால பாத்தேன்."

அந்தப் பக்கம் அம்மா அழுவது கேட்டது. இது வேறு அழுகை.

அவர் போனை வைத்தார். பெஞ்சில் டிபன் பாக்ஸைத் திறந்து, மூடியைத் தட்டுபோல் விரித்து வைத்தார்.

"வண்டி கெளம்ப இன்னும் நேரம் இருக்கு. நீ சாப்புடுறதப் பாத்துட்டுப் போறேன். அத அணைச்சிட்டு வா."

"இருக்கட்டும்ப்பா."

"அதான் தெளிஞ்சிடுச்சே."

"இன்னும் கொஞ்ச நேரம்."

அவர் சிரித்துக்கொண்டே சுவரில் சாய்ந்தார். கண்களை மூடிக்கொண்டார். பல நாட்களுக்குப் பிறகு அந்த முகம் தளர்ந்திருந்தது.

விளக்கின் மூடி இன்னும் அவள் உள்ளங்கையில். அணைத்தால் ஆறிவிடும்.

பீக்கரில் நீர் குறைந்துகொண்டே வந்தது.