பிரேக் மாட்டியவளின் போன்

காரில் எந்தப் பாகம் பழுதானாலும், தொழிற்சாலையில் அதை மாட்டியவரின் போன்தான் அடிக்கும். அதனால் இளவேனிலைப் பெண் பார்க்க வந்த நிரஞ்சனால் பஜ்ஜியைக்கூட எடுக்க முடியவில்லை. போனில் யாரையோ சமாதானப்படுத்தியபடி வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

“பையன் வெளிநாட்டுக் கார் கம்பெனி,” என்றார் அவன் அம்மா. “ஒவ்வொரு ரிப்பேர்லயும் காசு பாத்துடுவாங்க. லாபம் கொட்டுது. பொண்ணு நம்மூர்க் கம்பெனியாமே? போனே அடிக்கல?”

“அடிக்காது ஆன்ட்டி,” என்றாள் ஒரகடம் கார் தொழிற்சாலையில் பிரேக் மாட்டும் இளவேனில்.

சொல்லி வாய் மூடவில்லை, அவள் போன் அடித்தது. அவள் அப்பாவின் முகம் வெளிறியது. இளவேனில் தயங்காமல் ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏற்காட்டுலேர்ந்து பேசறேம்மா. பழுதெல்லாம் ஒண்ணுமில்ல, நானேதான் உங்க நம்பரைக் கேட்டு வாங்கினேன். வருஷக்கணக்கா மலையில ஓட்டறேன், பிரேக் ஒரு தடவைகூட மக்கர் பண்ணல. இப்ப தம்பிக்கும் தங்கச்சிக்கும் உங்க கம்பெனி கார்தான் வாங்கறோம். அதுக்கும் நீங்களே மாட்டிக் குடுங்க.”

நிரஞ்சனின் போன் மறுபடி அடித்தது. அவன் அதை எடுக்காமல், அன்று முதன்முறையாக அவளை நேராகப் பார்த்துக் கேட்டான்.

“உங்க கம்பெனில ஆள் எடுக்கறாங்களா?”