சொல்லாமல் நூர்ந்த வெளிச்சம்

நாவற்குடாக் கரையில் பிரஷாந்தி முழங்கால் தண்ணீரில் நிற்கிறாள். சற்று முன்புவரை வாவியின் நடுவில் ஒரு வெள்ளை வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது. இறால் பிடிக்கத் தோணியில் போன புருசன் சிவதர்ஷன் நெற்றியில் கட்டியிருக்கும் சார்ஜ் லைட் அது. இப்போது அது நூர்ந்துபோய் அங்கே இருட்டுத்தான் இருக்கிறது. மழைக்காற்றில் கரையோரத் தோணியொன்று கட்டையில் மோதி மோதித் தட்டுகிறது. ஒவ்வொரு தட்டலையும் துடுப்புச் சத்தமென்று நினைத்துத் திரும்புகிறாள். “பற்றரி முடிஞ்சிரிக்கும் மகள்,” என்கிறார் பக்கத்தில் வலை உதறும் அழகரத்தினம். “பழைய ரோச் லைட் எண்டா மஞ்சளாகி, மங்கி, போறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் நூரும். இது கடைசி மட்டும் ஒரே வெள்ளை. பிறகு டக்கெண்டு நூந்திடும்.” பின்னேரம் அந்த லைட் வீட்டில் சார்ஜில் கிடந்தது. பிரஷாந்திதான் அதைக் கழற்றிவிட்டு அதே பிளக்கில் தன் போனைப் போட்டாள். “புல்லா ஏறிட்டா?” என்று அவன் கேட்டதற்கு, பாராமலே “ஓம்” என்றாள். கழற்றும்போது அதில் சார்ஜ் காட்டும் புள்ளி சிவப்பாக இருந்ததா, நிறைந்து பச்சையாக மாறியிருந்ததா? பச்சையென்றால் பற்றரி விடியும்வரை நின்றிருக்கும். பச்சையென்றால் இந்த இருட்டுக்குக் காரணம் பற்றரி இல்லை, வேறேதோ. போனின் வெளிச்சத்தைப் போட்டுத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டுகிறாள். அதில் சார்ஜ் நிறைய இருக்கிறது. “நான்தான் கழட்டினன் மாமா,” என்கிறாள், அவர் கேளாமலே. “சிவப்பாத்தான் இருந்த. வடிவாத் தெரியும், சிவப்பாத்தான் இருந்த.”