கிழக்குப் பக்கம்

இன்னொரு கண்ணாடியைத் தப்பாக வெட்டினால் சீட்டைக் கிழித்துவிடுவதாகப் பட்டறை முதலாளி சொல்லியிருந்தார். அதனால், நாலு பக்கமும் கண்ணாடி வைக்க வேண்டிய, பாதி கட்டிய வெயில் அறையில் முன்னதாகவே வந்து நின்றவரிடம் கண்ணாடிக்காரர் மூன்றாம் முறையாகக் கேட்டார்.

"கிழக்குல தெளிவான கண்ணாடிதானே சார் அழகு?"

"மானம் போயிடும். பால் கண்ணாடி போடுங்க."

"மத்த மூணு பக்கம்?"

"எப்படியோ போகட்டும்."

"சட்டம் மரமா, அலுமினியமா?"

"எதுவா இருந்தா என்ன?"

"வெட்டிட்டா மாத்த முடியாது சார். யோசிச்சுச் சொல்லுங்க."

"ரெண்டு மாசமா இதே யோசனைதான். வெட்டச் சொல்லுங்க."

கண்ணாடிக்காரர் பட்டறைக்குப் போன் போட்டார். வெட்டியாயிற்று என்று பதில் வந்தபிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது. தாளை நீட்டினார்.

"வீட்டுக்காரர் கையெழுத்து சார்."

"அவர் வந்ததும் வாங்கிக்குங்க. நான் அடுத்த வீடு. எங்க குளியலறை ஜன்னல் இதுக்கு நேரேதான் இருக்கு."